ரெனே தெளிவற்ற பெண்ணா?

அக்கா மகள் ஒரு கட்டுரை எழுதி அனுப்பியிருந்தாள். ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற உளவுத் தொடரைப் பற்றியது. “மாமா, எழுத்துப் பிழை மட்டும் பாருங்க, கருத்துல கை வைக்காதீங்க” என்று கூடவே ஓர் எச்சரிக்கை. சரி என்று பட்டர்வொர்த்தில் பினாங்கு ஃபெரிக்குக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் திறந்தேன். மூன்றாவது பத்தியிலேயே கால் தடுக்கியது. ‘ரெனே ஒரு தெளிவற்ற பெண்.’

தெளிவற்ற பெண் என்றால் நமக்கு என்ன தோன்றும்? காய்ச்சலில் பிதற்றுகிறவள், மயக்க மருந்து இன்னும் இறங்காதவள், எதையும் யோசித்துச் சொல்லத் தெரியாதவள். பாவம் ரெனே. தொடரில் வருகிற நாள் முதல் அவள் தெளிவாகத்தான் பேசுகிறாள், தெளிவாகத்தான் சிரிக்கிறாள். தெளிவில்லாமல் உட்கார்ந்திருப்பது சோபாவில் இருக்கும் நாம்.

ஒருமுறை என்றால் விட்டிருப்பேன். அதே வாரம் ஒரு வானொலிப் பேச்சில் ‘தெளிவற்ற முடிவு’ இரண்டு தடவை காதில் விழுந்தது. அப்புறம் ஒரு கதைச்சுருக்கத்தில் ‘குழப்பமான முடிவைக் கொண்ட விறுவிறுப்பான தொடர்’ என்று படித்தேன். குழப்பமான முடிவு என்று சொல்லி யாரையாவது படம் பார்க்கக் கூப்பிட முடியுமா?

இவர்கள் எல்லாரும் தமிழாக்க முயல்வது ‘ஆம்பிகுவஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் வேர் லத்தீன். ‘ஆம்பி’ என்றால் இரு பக்கமும். ‘அகெரே’ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீராமல் அலைவது. வேரைப் பற்றி இவ்வளவு போதும். நான் கவனிக்கச் சொல்வது, அந்த வேரில் மங்கல் கிடையாது, மூடுபனி கிடையாது. வழி இரண்டு இருக்கிறது, இரண்டும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. எதில் போவது என்பதுதான் தெரியவில்லை.

மலாய் மொழியில் இந்த வேறுபாட்டைச் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மங்கலாகத் தெரிவது ‘காபூர்’. ஒரே சொல் இரு பொருளுக்கு இடம் கொடுத்தால் ‘தக்சா’. பள்ளியில் இலக்கணம் படிக்கிற பிள்ளைக்கும் இரண்டும் வேறு என்று தெரியும். பக்கத்து வீட்டு மொழியில் இரண்டு பெட்டி இருக்க, நாம் மட்டும் ஏன் எல்லாவற்றையும் ‘தெளிவற்ற’ என்ற ஒரே பெட்டியில் திணிக்கிறோம்?

இனி தொடரின் முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

தொடர் 2013 முதல் 2018 வரை ஆறு பருவங்கள், 75 பகுதிகள் ஓடியது. உருவாக்கியவர் ஜோ வைஸ்பெர்க், முன்பு சிஐஏவில் வேலை பார்த்தவர். 1980களில் வாஷிங்டனை ஒட்டிய ஒரு புறநகரில் பயண முகவர் நிறுவனம் நடத்தும் கணவன் மனைவி, பிலிப்பும் எலிசபெத்தும். உண்மையில் சோவியத் உளவாளிகள். எதிர்வீட்டுக்குக் குடி வருகிறவர் ஸ்டேன், எஃப்பிஐயில் உளவாளிகளைப் பிடிக்கிற அதிகாரி. ஸ்டேனின் இரண்டாம் மனைவிதான் நம் ரெனே. அன்பானவள், அழகி, கணவனின் வேலையைப் பற்றிக் கேட்பதில் சலிக்காதவள். கடைசிப் பருவத்தில் தனக்கும் எஃப்பிஐயில் வேலை வேண்டும் என்கிறாள். கணவனோடு ஒட்டி வாழும் ஆசை என்று எடுத்துக்கொண்டால் பொருந்துகிறது. மேலிடத்துக் கட்டளை என்று எடுத்துக்கொண்டாலும் அப்படியே பொருந்துகிறது.

கடைசிப் பகுதியில், வாகன நிறுத்துமிடம் ஒன்றில் ஸ்டேன் நீட்டிய துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறான் பிலிப். பேச்சு முடிந்து தப்பிப் போகிற நேரத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போகிறான்: ரெனேயும் எங்கள் ஆளாக இருக்கலாம், எனக்கு உறுதியாகத் தெரியாது. நண்பனாகச் சொன்னானா? நஞ்சு வைத்தானா? அதுவும் இரண்டு பக்கமும் நிற்கிறது. ரெனே யார் என்று தொடர் கடைசிவரை சொல்லவே இல்லை.

இதில் எது தெளிவில்லை? காட்சி தெளிவு, வசனம் தெளிவு. ரெனே உளவாளி அல்லது உளவாளி இல்லை, மூன்றாவது கிடையாது. மதில் மேல் பூனை தெளிவாகத்தான் தெரிகிறது; எந்தப் பக்கம் குதிக்கும் என்பதுதான் கேள்வி.

உளவாளியைத் ‘தெளிவற்ற’ என்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒற்றனுக்கு வைக்கும் முதல் தகுதிகளில் ஒன்று ‘கடாஅ உரு’. ‘கடாஅ உருவொடு கண்ணஞ்சாது யாண்டும் உகாஅமை வல்லதே ஒற்று’ என்பது 585ஆம் குறள். பார்ப்பவர் ஐயப்பட்டு யார் நீ என்று கேட்காத உருவம் வேண்டும். அதாவது, ஒருத்தியைப் பார்த்ததும் ‘இவள் என்னவோ தெளிவில்லாமல் இருக்கிறாளே’ என்று தோன்றினால் அவள் வேலைக்கே லாயக்கில்லை. தெளிவாக இருப்பதுதான் அவளுடைய வேடம். மலாய்க்காரர் இதற்கு ‘மெஞாமார்’ என்கிறார்கள், ‘சாமார்’ என்ற மங்கலிலிருந்து பிறந்த சொல், மங்கிப்போதல் என்ற கருத்து. அந்த அளவுக்கு மங்கலுக்கும் உளவுக்கும் உறவு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒளிந்துகொள்கிறவனின் மங்கல்; நமக்கு எழும் ஐயத்துக்குப் பெயர் ஆகாது.

மற்ற தமிழாக்கங்களையும் பார்த்துவிடுவோம். ‘திறந்த முடிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். இது ஆங்கிலத்தை வரிக்கு வரி கிழித்து ஒட்டியது. திறந்த என்றதும் நமக்குத் திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதைதான் ஞாபகம் வரும். தவிர, முடிவு திறந்திருந்தால் எதை வேண்டுமானாலும் உள்ளே விடலாம். ரெனே விஷயத்தில் வாசல் இரண்டே இரண்டு.

‘இரட்டை அர்த்த முடிவு’. தயவு செய்து வேண்டாம். ‘இரட்டை அர்த்தம்’ என்பதைத் தமிழ்ப் படங்களின் நகைச்சுவை எப்போதோ கெடுத்துவிட்டது. ‘இரட்டை அர்த்த முடிவு கொண்ட தொடர்’ என்று போட்டால் தாய்மார்கள் பிள்ளைகளை எழுப்பித் தூங்கப் போகச் சொல்வார்கள்.

‘சிலேடை’ என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல சொல், தவறான இடம். காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பாடிய வெண்பா ‘நஞ்சிருக்கும்’ என்று தொடங்குகிறது. பாம்பிடம் நஞ்சு இருக்கும்; பழம் நைந்து இருக்கும். புலவர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார், இரண்டும் உண்மை. ரெனே ஒரே நேரத்தில் பாம்பும் பழமும் ஆக முடியாது. ஒன்றுதான் உண்மை, எது என்று தெரியாது. இதற்கு நம் இலக்கண உரைகளில் ‘ஐயம்’ என்று பெயர். அந்திநேரத்தில் தூரத்தில் நிற்பது மரக்கட்டையா மனிதனா, ‘குற்றியோ மகனோ’ என்று கேட்பது. கட்டையை மனிதன் என்றே முடிவு கட்டிவிட்டால் அது திரிபு. ‘ஐயந்திரிபற’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இரண்டும் இரண்டு என்பதை மறந்துபோகிறார்கள்.

‘பொருள்மயக்கம்’ மட்டும் மரியாதைக்கு உரிய போட்டியாளர். மொழியியல் படித்தவர்கள் பயன்படுத்துவது. மயங்குதல் என்றால் ஒன்றோடொன்று கலத்தல். திணைமயக்கம், வேற்றுமை மயக்கம் எல்லாம் அப்படி வந்தவை. ஒரு வாக்கியத்துக்குச் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் நன்னூல் ‘மயங்க வைத்தல்’ என்பதை நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. இலக்கண நூலில் குற்றமாக இருப்பது உளவுக் கதையில் கைத்திறன். குற்றத்தின் பெயரையே திறமைக்கும் சூட்டினால் எழுதியவருக்கு அநியாயம். அதோடு, மனிதரைப் பற்றி ‘பொருள்மயக்கப் பாத்திரம்’ என்று எழுதிப் பாருங்கள். ஏதோ சமையலறைச் சாமான் போல இருக்கிறது.

‘இருண்மை’ என்ற சொல் புதுக்கவிதை விமர்சனத்தில் புழங்குகிறது. அதை இன்னொரு வகை முடிவுக்கு வைத்துக்கொள்ளலாம். 1967இல் தொடங்கிய பழைய பிரிட்டிஷ் தொடர் ‘தி பிரிசனர்’ இருக்கிறதே, 17 பகுதிகள். வேலையை விட்ட ஒற்றனை ஒரு விசித்திர ஊரில் அடைத்து வைப்பார்கள். அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கடைசியில் ஊரை ஆட்டிவைக்கும் முதலாம் எண்காரனின் முகமூடியைக் கிழித்தால் குரங்கு முகமூடி, அதையும் கிழித்தால் நாயகனின் சொந்த முகம். அங்கே இரண்டு வழி இல்லை. வழியே இல்லை, காடு. அது இருண்மை. ரெனேயின் கதை அப்படி இல்லை.

என் கட்சி ‘கவர்’. ஒன்று இரண்டாகப் பிரிவது கவர்தல். கவட்டை, கவை எல்லாம் இந்தக் குடும்பம். ‘கவர்பொருள்’ என்று அகராதியிலேயே இருக்கிறது, இரு பக்கம் பிரியும் பொருள். வழி பிரியும் இடத்துக்குச் சங்கப் பாட்டில் ‘கவலை’ என்றே பெயர்; எந்த வழியில் போவது என்று நின்றவன் பட்ட கவலைதான் இன்றைய கவலையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மலைபடுகடாமில் கூத்தருக்கு ஒரு யோசனை சொல்வார்கள்: வழி பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து போடுங்கள் என்று. நம் பக்கத்தில் அந்த இடத்தை மலாயில் சிம்பாங் என்கிறோம். செபராங் பிறையில் சிம்பாங் அம்பாட், அதாவது நாற்சந்தி, என்ற ஊரே இருக்கிறது. தினமும் நாற்சந்தியைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு வழி பிரிவதும் பனி மூடுவதும் ஒன்றில்லை என்று நான் விளக்க வேண்டுமா? வைஸ்பெர்க் புல்லை இரண்டு வழியிலும் முடிந்து வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே முடிவுக்குக் ‘கவர்முடிவு’. ஆளுக்கு ‘ஈரடி’. பழைய அகராதிகளில் ‘ஈரடியாய்ப் பேசுதல்’ உண்டு. எங்கள் பாட்டி தோட்டத்துக் கங்காணி ஒருவரைப் பற்றி “அந்த மனுசன் பேச்சு எப்பவும் ஈரடிதான்” என்பார். ரெனே ஈரடியான பெண். எவ்வளவு சுருக்கம்!

இதையெல்லாம் ஜார்ஜ்டவுனில் இறங்கி, ஒரு கடையில் கோப்பி ஓ வாங்கி வைத்துக்கொண்டு, அக்கா மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“ஈரடி நல்லாருக்கு மாமா, எடுத்துக்கிறேன். கவர்முடிவு வேணாம். கவர்ச்சியான முடிவுன்னு நினைப்பாங்க. இல்லன்னா பிளாஸ்டிக் கவர்.”

“உளவாளிக்கும் ஒரு கவர் உண்டு, பொய் அடையாளம். மூணு பொருளும் வருதே, இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன?”

“ஐயோ, போதும் லா மாமா.”

அன்றிரவு திருத்திய கட்டுரை வந்தது. ‘ரெனே கடைசிவரை ஈரடியாகவே நிற்கிறாள்’ என்று மாற்றியிருந்தாள். முடிவைப் பற்றிய வரியில் கவரும் இல்லை, தெளிவற்றதும் இல்லை. ‘இந்த முடிவு நம்மை ரெண்டு பக்கமும் இழுக்கிறது’ என்று எழுதியிருந்தாள். ‘ரெண்டு’ என்பதை ‘இரண்டு’ ஆக்கலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எழுத்துப் பிழைதானே பார்க்கச் சொன்னாள். விட்டுவிட்டேன்.