ஒரே சில்லு, மூன்று வேகம்: மலிவு மடிக்கணினிக்கு மாற்றாக ஒரு மேசைக்கணினி

2021ஆம் ஆண்டில் கணினிச் சில்லுகளை வடிவமைக்கும் ஏஎம்டி நிறுவனம், பிராசசர் எனப்படும் மையச் செயலிக்கான ஒரே சிலிக்கான் சில்லை மூன்று பெயர்களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள, ஏறத்தாழ 180 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 1,070 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கிய சில்லு அது. அதிலுள்ள எட்டு கோர்களில் (கணக்கீட்டு அலகுகளில்) ஆறு மட்டும் இயங்கும்படி அமைத்து, மெலிந்த மடிக்கணினிகளுக்கு ரைசன் 5 5600யு என்றும், தடித்த மடிக்கணினிகளுக்கு 5600எச் என்றும், மேசைக்கணினிகளுக்கு 5600ஜி என்றும் பெயரிட்டார்கள். முதலாவதன் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், இரண்டாவதற்கு 3.3, மூன்றாவதற்கு 3.9. சில்லு ஒன்றாக இருக்க வேகம் ஏன் மூன்றாயிற்று என்ற கேள்விக்கான விடை, அவற்றின் அருகே அச்சிடப்பட்டிருக்கும் இன்னொரு எண்ணில் இருக்கிறது: 15 வாட், 45 வாட், 65 வாட். ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று சொல்லும் எண் அது.

குறைந்த செலவில் கணினி வாங்க நினைக்கும் ஒரு குடும்பம், மலிவான மடிக்கணினியை எடுப்பதா, உதிரிப் பாகங்களை வாங்கி மேசைக்கணினி ஒன்றை அசெம்பிள் செய்வதா என்று தயங்கும்போது, விலைப்பட்டியலைவிட இந்த வெப்பக் கணக்கே அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மிகச் சிறிய அளவு மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நொடிக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறதோ அத்தனை மடங்கு அது பெருகும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து நிலைமாற வேண்டும். அதற்கு மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, வேகத்தை இரு மடங்காக்க மின்னழுத்தத்தை 0.8 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட்டுக்கு உயர்த்த நேர்ந்தால், மின்செலவு இரு மடங்காகாமல் நாலரை மடங்காகிவிடுகிறது. இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் மடிக்கணினியின் சிறப்பும் விளங்கும். 5600யு தன் மேசைக்கணினி உடன்பிறப்பின் மின்சாரத்தில் கால்பங்குக்கும் குறைவாகவே எடுத்துக்கொண்டு, அதன் அடிப்படை வேகத்தில் 59 விழுக்காட்டைத் தருகிறது. மின்கலத்தில் ஓடும் கருவிக்கு இது மிகச் சிறந்த பேரம். ஆனால் மேசையை விட்டு நகராமல், எப்போதும் சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிக்கு அந்தப் பேரத்தால் பெரிதாக ஆதாயமில்லை.

மலிவு மடிக்கணினிகளில் பெரும்பாலும் இந்த ஆறு கோர் சில்லு கூட இருப்பதில்லை. அவ்வகைக் கருவிகளில் பரவலாகக் காணப்படும் இன்டெல் என்100 என்ற பிராசசர் 2023 ஜனவரியில் வெளியானது. நான்கு கோர்களும் 6 வாட் வெப்ப வரம்பும் கொண்டது. இணையத்தில் படிக்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் பாடக் காணொளிகள் பார்க்கவும் அது போதும். அதைக் குறைத்து மதிப்பிடுவது சரியன்று. ஆனால் அதற்கு மேற்பட்ட வேலை எதையும் நீண்ட நேரம் செய்ய வேண்டியவருக்கு அது விரைவில் போதாமல் போகும்.

வெப்பத்தைச் சிலிக்கானிலிருந்து அறைக்காற்றுக்குக் கொண்டுசெல்வது பார்ப்பதற்கு எளிய வேலை போலத் தோன்றும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வருகிறது. 65 வாட்டை 1.8 சதுர சென்டிமீட்டரில் வெளியிடும் பிராசசருக்கோ அது 36 வாட். இந்த வெப்பம் முதலில் உலோக மூடிக்கும், பிறகு தெர்மல் பேஸ்ட் என்ற பசை வழியாக, ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுத் தொகுதிக்கும், அதன் தகடுகளிலிருந்து காற்றுக்கும் போக வேண்டும். இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு இறுக்கி வைத்தாலும் இடையே நுண்ணிய காற்றிடைவெளிகள் எஞ்சும். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அந்தப் பசை காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்துவதால்தான், ஒரு பட்டாணி அளவுப் பசையை இடாமல் விட்டால் கணினி சில நிமிடங்களிலேயே திணறத் தொடங்குகிறது.

கடைசிக் கட்டத்தில்தான் பெட்டியின் அளவு முக்கியமாகிறது. காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி 65 வாட்டைச் சுமந்து வெளியேற வேண்டுமானால், நொடிக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் காற்று ஓட வேண்டும். மேசைக்கணினிக் கேபினட்டில் பொருத்தும் 120 மில்லிமீட்டர் விசிறி மெதுவாகச் சுழன்றே இதைச் செய்துவிடும். மடிக்கணினியின் சிறு விசிறியோ விரலகலம் கூட இல்லாத இடுக்குகள் வழியே அதே காற்றைத் தள்ள முயன்றால் வேகமாகச் சுழன்று இரைச்சலிட வேண்டும்; விலை குறைந்த சில மடிக்கணினிகளில் விசிறியே இருப்பதில்லை.

நம் ஊர் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியேறும் வெப்பம், பிராசசருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 5600ஜியின் உச்ச வரம்பு 95 டிகிரி செல்சியஸ். அறை 25 டிகிரியாக இருந்தால் வேறுபாடு 70 டிகிரி. மே மாதச் சென்னையில், குளிரூட்டி இல்லாத அறை 38 டிகிரியைத் தொடும்போது அது 57 டிகிரி. அதாவது அதே ஹீட்சிங்க், அதே விசிறி, ஆனால் வெளியேற்றும் திறன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெரிய ஹீட்சிங்க் உள்ள பெட்டி இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். முன்பே விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் மெலிந்த கருவி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

என் அக்கா மகள் கல்லூரித் திட்டத்துக்காக ஒரு காணொளியைத் தொகுத்தபோது இதை நேரில் பார்த்தேன். அவளுடைய மடிக்கணினி முதல் அரை நிமிடம் விரைவாக வேலை செய்தது. பிறகு முன்னேற்றப் பட்டை ஊர்ந்தது. நவீன பிராசசர்கள் குளிர்ந்திருக்கும்போது சிறிது நேரத்துக்குத் தம் வெப்ப வரம்பைத் தாண்டி ஓட அனுமதிக்கப்படுகின்றன. ஹீட்சிங்க்கின் உலோகம் சூடேறி நிரம்பும்வரை அது செல்லும். நிரம்பியபின், வெளியேறும் வெப்பத்துக்குச் சமமான அளவே வேலை நடக்கும். கடையில் ஐந்து சாளரங்களைத் திறந்து மூடிப் பார்ப்பவருக்குத் தெரிவது அந்த முதல் அரை நிமிடம்தான். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தப்போகிறவருக்கு அதற்குப் பின் வரும் வேகமே முக்கியம்.

வெப்பத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது, ரேம் என்ற தற்காலிக நினைவகத்துக்குச் செல்லும் பாதை. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்கின்றன. டிடிஆர்4-3200 வகை ரேமின் ஒரு பாதை நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொண்டுசெல்லும். இரண்டு பாதைகள் இருந்தால் 51.2 ஜிபி. 5600ஜி இரண்டு பாதைகளையும் கையாளும். என்100க்கு ஒரு பாதைதான். ஆகவே 16 ஜிபி ஒற்றை ரேம் வாங்குவதைவிட 8 ஜிபி ரேம்கள் இரண்டை வாங்கிப் பொருத்துவது, வரைகலை சார்ந்த வேலைகளில் கண்கூடான வேறுபாட்டைத் தரும். ரேமுக்கு நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டில் (பாகங்கள் அனைத்தும் இணையும் முதன்மைப் பலகையில்) பெரும்பாலும் முதல் இரண்டு இடங்களில் செருகினால் இரண்டும் ஒரே பாதையில் போய் நின்றுவிடும்; பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை.

சேமிப்பகத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில், தேவையான தரவு முள்ளின் கீழ் வந்துசேரவே சராசரியாக ஐந்தரை மில்லிநொடி ஆகும். மின்னணுச் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் சுழலும் பகுதியே இல்லை. சில மடிக்கணினிகளில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இருக்கும் இஎம்எம்சி என்ற வகை, கோட்பாட்டளவிலேயே நொடிக்கு 400 எம்பியைத் தாண்டாது. என்விஎம்இ என்ற விரைவு வகை எஸ்எஸ்டி ஒன்று 5600ஜியுடன் சேர்ந்து 3,000 எம்பிக்கு மேல் தரும்.

பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத பாகம் ஒன்று உண்டென்றால் அது எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டுதுண்டாக நறுக்கி, ஒரு சிறு மின்மாற்றி வழியே 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்குவது அதன் வேலை. நம் வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சிகளுக்கு அமைந்த மின்மாற்றி செங்கல் போலக் கனக்கும். சுழற்சி கூடக் கூட மின்மாற்றி சிறுத்துக்கொண்டே போகும் என்ற இயற்பியலால்தான் அது கைக்கு அடக்கமாக இருக்கிறது. இதற்குப் பிறகும் பிராசசருக்குத் தேவைப்படுவது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். 65 வாட்டை 1.2 வோல்ட்டில் தர வேண்டுமானால் 54 ஆம்பியர் ஓட வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை நீண்ட கம்பிகளில் கொண்டுவந்தால் அவை சூடாகி வீணாக்கும். ஆகவே 12 வோல்ட்டாகக் கொண்டுவந்து, பிராசசரை ஒட்டியே உள்ள சீராக்கிச் சுற்றில் கடைசி இறக்கத்தைச் செய்கிறார்கள்.

விலை மிகக் குறைந்த எஸ்எம்பிஎஸ்களில் '450 வாட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் உண்மையான அளவு தெரியும். இன்றைய கணினியின் சுமை பெரும்பாலும் அந்த ஒரு தடத்திலேயே விழுகிறது. '80 பிளஸ்' சான்று உள்ளவை 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு திறனோடு இயங்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மிகை மின்னழுத்தத்துக்கும் குறுக்குச் சுற்றுக்கும் எதிரான பாதுகாப்பும் இருக்கும். மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதாகும்போது தான் மட்டும் போகாமல், மதர்போர்டையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று உணர்வதாகப் பலர் சொல்வார்கள். அதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. மின்னிரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸில் இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது முனை முறையாக மண்ணோடு இணைந்திருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இணைப்பு இல்லாத வீட்டில், கேபினட் மின்னழுத்தத்தில் பாதியளவு, அதாவது 115 வோல்ட் வரை ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்றாலும் அதை அலட்சியப்படுத்தாமல், கணினி வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீசியனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதித்துவிட வேண்டும்.

பாகங்களைப் பொருத்துவது அஞ்சத்தக்க வேலையன்று. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையில் திருகுத் துளைகளின் இடம் முதல் மின்செருகிகளின் வடிவம் வரை வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒரு நிறுவனத்தின் போர்டு இன்னொரு நிறுவனத்தின் கேபினட்டில் அப்படியே அமர்கிறது. துணிவில்லாதவர்களுக்குச் சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்க் கணினிக் கடைகளிலும் பாகங்களை வாங்கிய இடத்திலேயே பொருத்தித் தருவார்கள். எனினும் அக்கா மகளோடு உட்கார்ந்து அவளுக்கான மேசைக்கணினியை நானே பொருத்தியதில், எந்தப் பாகம் எதற்கு என்று அவள் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது.

செலவுக் கணக்கில் நேர்மை வேண்டும். மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், ஸ்பீக்கர், வெப்கேம் ஆகியவற்றை விட்டுவிட்டு மேசைக்கணினி மலிவென்று சொல்வது தவறு; மடிக்கணினியில் பெரும்பாலும் விண்டோஸ் உரிமமும் சேர்ந்தே வருகிறது. லினக்ஸ் பழகத் தயாராக இருப்பவருக்கு அந்தச் செலவு இல்லை. மின்தடை உள்ள ஊரில் யுபிஎஸ்ஸும் கட்டாயம். சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் 84 வாட்-மணி ஆற்றலையே கொண்டது, இழப்புகள் போக 100 வாட் சுமையைக் கால் மணி நேரம் அல்லது சற்றே கூடுதலாகத் தாங்கும். திரையோடு சேர்த்துச் சராசரியாக 80 வாட் என்று கொண்டால், நாளுக்கு 6 மணி நேரப் பயன்பாட்டுக்கு மாதம் 14 யூனிட் செலவாகும். 20 வாட் எடுக்கும் மடிக்கணினிக்கு 4 யூனிட்டுக்கும் குறைவு. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம்கள் இருப்பவருக்குக் கணக்கு ஒருவிதமாகவும், எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு வேறுவிதமாகவும் வரும். விடுதியில் தங்கிப் படிப்பவரும் ஊர்விட்டு ஊர் செல்பவரும் மடிக்கணினியே வாங்க வேண்டும்.

ஒரே இடத்தில் இருக்கப்போகும் கணினிக்கு மேசைக்கணினியை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம், பாகங்களின் ஆயுள் தனித்தனியானது என்பது. 2017இல் ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், 2022இல் வந்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைப் போட்டுக்கொண்டு, அதே போர்டில் ரைசன் 5000 வரிசைப் பிராசசரைச் செருகிக்கொள்ள முடிந்தது. எஸ்எஸ்டி போனால் எஸ்எஸ்டியை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் பற்றவைத்த இஎம்எம்சி போனால் போர்டையே மாற்ற நேரும்.

அக்கா மகளின் கணினி இப்போது மூன்றாவது கோடையைக் கடக்கிறது. சென்ற மார்ச்சில் பக்கத் தகட்டைத் திறந்தபோது ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே தூசி மெத்தைபோல் அடைந்திருந்தது. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ஓவியத் தூரிகையால் அவள் அதைத் துடைத்தெடுத்தாள். அதே காணொளித் தொகுப்பு வேலையை மீண்டும் ஓடவிட்டபோது பிராசசரின் வெப்பநிலை முன்னைவிட 8 டிகிரி குறைவாக நின்றது. முன்னேற்றப் பட்டை கடைசிவரை ஒரே வேகத்தில் நகர்ந்தது.