சேற்றை வாருவதற்கு முன்: வெள்ள நிவாரணம் கோருவோர் கவனத்துக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரங்கள் தீவுகளாயின. அதற்குப் பிந்தைய மாதங்களில் சட்ட உதவி கேட்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் உதவிக்குத் தகுதியற்றவர்கள் அல்லர். தங்கள் இழப்பைக் காட்டத் தடயம் இல்லாதவர்கள். வீட்டின் பின்சுவரையும் இரண்டு பசுக்களையும் இழந்த ஒரு பெரியவர், "அண்ணாச்சி, சேத்தையெல்லாம் வாரிக் கொட்டியாச்சு, மாட்டையும் புதைச்சாச்சு, இனி எதைக் காட்டுறது?" என்று கேட்டார். அவர் செய்ததில் பிழை ஏதுமில்லை. நாற்றமெடுக்கும் வீட்டை எவரும் அப்படியே விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால், துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் கைப்பேசியை எடுத்திருந்தால் அவருடைய மனு வேறு விதமாக நடந்திருக்கும்.

வெள்ளத்துக்குப் பின் கிடைக்கும் உதவிகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன். முதலாவது, குடும்ப அட்டையின் அடிப்படையில் நியாயவிலைக் கடை மூலம் கொடுக்கப்படும் ரொக்கம். அந்த ஆண்டு கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் 6,000 ரூபாயும், மற்ற வட்டங்களில் 1,000 ரூபாயும் வழங்கப்பட்டன. இரண்டாவது, வருவாய்த் துறை ஆய்வு செய்து தனித்தனியாகக் கொடுக்கும் இழப்புத் தொகை. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய், பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என 2023 டிசம்பரில் தமிழக அரசு உயர்த்தி அறிவித்தது. மூன்றாவது, நீங்கள் பிரீமியம் கட்டிப் பெற்ற காப்பீடு. இவற்றில் ஒன்றைப் பெறுவது மற்றொன்றைத் தடுப்பதில்லை. ரேஷன் கடையில் ஆறாயிரம் வாங்கிவிட்டோம், இனிக் கேட்க உரிமையில்லை என்று நினைத்து மாட்டுக்கான மனுவையே கொடுக்காமல் இருந்துவிட்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வகை உதவிக்கு வாசல் கிராம நிர்வாக அலுவலர்தான். அவர் எழுதும் பட்டியல் வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகிறது. அதில் பெயர் விடுபட்டால் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்காகக் காத்திராமல், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, இடிந்த பகுதி, நனைந்த பொருள்கள், வீட்டின் கதவு எண் ஆகியவை தெரியும்படி படங்கள் எடுத்து, தேதியிட்ட மனுவுடன் கொடுத்து, நகலில் கையெழுத்தோ முத்திரையோ பெறுங்கள். கையெழுத்திட மறுத்தால் ஒப்படைப்புச் சான்றுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு ஆறு மாதம் கழித்து எந்த அலுவலகத்திலும் சாட்சியில்லை. இறந்த கால்நடையைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி அவருடைய சான்றைப் பெறுவது அவசியம். சாலை துண்டிக்கப்பட்டு அவரால் வர இயலாவிட்டால், மாட்டின் காதில் பொருத்திய அடையாள எண் வில்லை தெரியும்படி படமெடுத்து, அண்டை வீட்டார் இருவரின் கையெழுத்தையாவது வாங்கி வையுங்கள்.

பயிர் இழப்பில்தான் மிகுந்த அநீதி நடக்கிறது. அது பெரும்பாலும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நிகழ்வதன்று, காகிதத்தின் இயல்பால் நிகழ்வது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் போடுகிறவர்களில் பலர் நிலத்தின் சொந்தக்காரர் அல்லர். வாய்வழிக் குத்தகையில் உழைப்பவர்கள். (ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரின் பெயரோ பல இடங்களில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.) பட்டா வைத்திருப்பவர் வெளியூரில் இருக்க, கன்று வாங்கியதும் உரம் வைத்ததும் கடன் பட்டதும் குத்தகைதாரர். நிவாரணப் பட்டியல் பட்டாவையும் அடங்கலையும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) பார்த்து எழுதப்படும்போது பணம் உழாதவரின் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்துகொள்ள 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும், நிலக்காரர் மனம் கோணுவாரே என்று பெரும்பாலோர் அதற்கு விண்ணப்பிப்பதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காமல் போகலாம். அப்படியானால், குறைந்தபட்சம் ஒவ்வொரு பருவத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிரிடுபவராகத் தன் பெயரைக் குறிக்கச் சொல்லிக் கேட்பதும், உரக்கடை, கன்றுக்கடை ரசீதுகளைத் தன் பெயரில் வாங்குவதும், நிலக்காரரிடம் ஒரு சம்மதக் கடிதம் பெறுவதும் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே செய்யக்கூடியவை.

ஆவணங்கள் நனைந்துவிட்டால் பதறி எறியாதீர்கள். சேறு படிந்த கிரயப் பத்திரம் இன்னமும் மூலப் பத்திரம்தான். வெயிலில் போடாமல் நிழலில், தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துங்கள். முற்றிலும் அழிந்துபோனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பட்டா, சிட்டா நகல்களை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ எடுத்துக்கொள்ளலாம். பெரிய வெள்ளங்களுக்குப் பின் இதற்கென அரசு சிறப்பு முகாம்களும் நடத்துவதுண்டு.

காப்பீட்டில் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் இயக்கியதால் நேர்ந்த சேதத்தை, எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாவிட்டால், நிறுவனங்கள் வழக்கமாக மறுத்துவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் முறையிட்டு, அதற்குப் பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன்) அணுகலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை என்பதை வழக்கறிஞனான நானே சொல்கிறேன்.

மனு கொடுத்தும் பதில் வராதவர்கள் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மீண்டும் மனு கொடுத்து, பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் பயனில்லை எனில், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உங்களுக்கென ஒரு வழியை வைத்திருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர் ஆகியோருடன், வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற சொற்களும் தெளிவாக இடம்பெற்றுள்ளன. அவ்வாறு பாதிக்கப்பட்டவருக்கு வருமான வரம்பு கிடையாது. வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் அரசுடையவை. வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் நீதிமன்ற வளாகங்களிலேயே இந்தச் சட்டப் பணிகள் அலுவலகங்கள் இயங்குகின்றன; 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதலில் சொன்ன பெரியவரின் மனுவை அப்படித்தான் மறுபடி எழுதினோம். மாடுகளுக்குப் பால் சங்கத்தின் கணக்கு அட்டை சாட்சியாக நின்றது. சுவருக்கு, பக்கத்து வீட்டுப் பையன் மொட்டை மாடியிலிருந்து வெள்ளத்தை வேடிக்கையாக எடுத்திருந்த ஒரு நிமிட வீடியோ.