அட்டையில் ‘வேண்டாம்’ இருக்கிறதா?

வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா தன் ஆறு வயது மகனை என்னிடம் அழைத்து வந்திருந்தார். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தை. ‘ஆ’ என்ற ஒலியைத் தவிர பேச்சு வரவில்லை. பேச்சுக்குப் பதில் அவன் தொட்டுக் காட்டுவதற்காக வைத்திருந்த, லேமினேட் செய்த அட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சாதம், தண்ணீர், பால், பிஸ்கட், பாத்ரூம், டிவி, அம்மா, அப்பா என எட்டுப் படங்கள். “பசிச்சா மட்டும் தொடுவான் மேடம். மத்த நேரம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்” என்றார்.

பேசிக்கொண்டே பிளாஸ்கிலிருந்து சத்துமாவுக் கஞ்சியை ஊற்றி ஊட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். தினமும் இதே அடம்தானாம். அட்டையை மறுபடி பார்த்தேன். அதில் அவனால் கேட்க மட்டும்தான் முடியும், மறுக்க வழியே இல்லை. ஒரு துண்டுத் தாளில் விலக்கும் கையை வரைந்து, ‘வேண்டாம்’ என்று எழுதி ஓரத்தில் ஒட்டினேன். ஸ்பூன் அருகில் வந்ததும் நானே அந்தப் படத்தைத் தொட்டு “வேண்டாம்” என்றேன். அம்மா ஸ்பூனை இறக்கினார். இப்படி நாலைந்து முறை. அப்புறம், மூடிய அவன் கை மேசையில் மெல்ல நகர்ந்து வந்து அந்தப் படத்தின் மேல் நின்றது. அம்மா கஞ்சியை மூடி வைத்துவிட்டார். அன்று அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். சொன்னால் நடக்கும் என்று தெரிந்தால்தானே பிள்ளை சொல்லும்?

“படம் பழகிட்டா பேச்சே வராதுன்னு சொல்றாங்களே” என்று கேட்காத பெற்றோர் குறைவு. இதுவரை வந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பட அட்டையும், படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் செயலியும் பேச்சைத் தடுப்பதில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடியும் இருக்கிறது. ஆகவே நாலு வயது, ஐந்து வயது என்று காத்திருக்காதீர்கள்.

கைக்குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் நம் பேச்சைக் கேட்கிறது. அட்டையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு இரண்டே வாரத்தில் பேசு என்கிறோம். வீட்டில் எல்லோரும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும்: அம்மா, அப்பா, ஆயா, அக்கா. கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் மூன்றிலேயே நாம் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

சொற்களும் வீட்டுச் சொற்களாக இருக்கட்டும். ‘உணவு வேண்டும்’ என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. செயலியானால் ‘சாப்பாடு வேணும்’ என்று குரல் பதியுங்கள். சாண்ட்விச் படத்துக்குப் பதில் உங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும் இட்லியைப் போனில் எடுத்து ஒட்டுங்கள். ‘போதும்’, ‘இன்னும்’, ‘வலிக்குது’, ‘பயமா இருக்கு’ கட்டாயம் வேண்டும். டேப்லெட் வாங்க முடிந்தவர்களுக்கு ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது. அது சென்னையிலேயே, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான வித்யாசாகர் பள்ளியின் குழந்தைகளோடு சேர்ந்து உருவானது. வாங்க முடியாவிட்டாலும் குறையில்லை, அட்டையில் தொடங்கலாம்.

பள்ளி பற்றி ஒன்று. என்னிடம் வரும் ஒரு சிறுமியின் அட்டையை, தொலைந்துவிடும் என்று வகுப்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் நாள் முழுக்க அந்தப் பிள்ளையின் வாயைக் கட்டிப்போட்டது போல ஆயிற்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ‘தகவல்தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே இத்தகைய மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. ஆசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நாற்காலியிலேயே கயிற்றால் கட்டிவிடுங்கள்.