பச்சைச் சாத்துக்குடி, சிவந்த பிளம்ஸ்: தோல் நிறம் சொல்லாத விஷயங்கள்

பறித்த பழங்களைக் கெடாமல் கையாள்வது எப்படி என்று விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. தோப்பிலும் மண்டியிலும் தெருமுனைத் தள்ளுவண்டியிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "பச்சையா இருக்கே, இது பழுத்ததா?" சாத்துக்குடியைப் பார்த்து இப்படிக் கேட்கிறவர்களே கொடைக்கானல் பிளம்ஸைப் பார்த்ததும், "நல்லா செவந்திருக்கு, ஒரு கிலோ போடுங்க" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கண் ஏமாற்றுகிறது. அதனால் வாங்குபவருக்குச் சப்பென்ற பழமும் புளித்த பழமும் கிடைக்கின்றன. விவசாயிக்கோ, காயை முன்கூட்டியே பறித்து, நிறமேற்றித் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி. இது மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆரஞ்சு வகையைப் பார்ப்போம். சாத்துக்குடியும் இதில் சேர்த்திதான். பலர் அதை எலுமிச்சையின் இனிப்பான சொந்தம் என்று நினைக்கிறார்கள். தாவரவியல்படி அது முழுக்க முழுக்க இனிப்பு ஆரஞ்சு. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த முதல் ஒன்றிரண்டு மாதங்களில் காய் பருப்பதெல்லாம் பெரும்பாலும் தோல்தான். அந்தப் பருவத்தில் ஒரு காயை வெட்டினால் நடுவில் சின்னதாகச் சுளையும் சுற்றிலும் தடிமனான வெள்ளைப் பஞ்சும் இருக்கும். அப்புறம்தான் சுளைக்குள் இருக்கும் சாறுப் பைகள் நீர் கோத்து விரிகின்றன. உள்ளிருந்து அவை தள்ளத் தள்ள, தோல் இழுபட்டு மெலிகிறது. கடைசிக் கட்டத்தில் வளர்ச்சி நிதானமாகிறது. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது.

இந்தக் கடைசிக் கட்டம் மரத்தில் மட்டுமே நடக்கும் என்பதுதான் இதில் முக்கியம். வாழைக்காயில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. வெட்டிய பிறகும் அது சர்க்கரையாக மாறிக் காய் இனிப்பாகும். ஆரஞ்சுச் சுளையில் அப்படி ஒரு சேமிப்பு கிடையாது. இலை தயாரித்து அனுப்பும் சர்க்கரை காம்பு வழியாக வந்தால்தான் உண்டு. காம்பை வெட்டிய நிமிடத்தோடு வரத்து நின்றுபோகிறது. அதன் பிறகு அரிசி மூட்டைக்குள் வைத்தாலும் சரி, வைக்கோலில் மூடினாலும் சரி, ஒரு துளி இனிப்பும் ஏறாது. தோல் மட்டும் மஞ்சளாகலாம்.

தோல் ஏன் தனியாக மஞ்சளாகிறது? அதன் பச்சையம் மறைவது பெரும்பாலும் குளிரைப் பொறுத்த விஷயம். இரவு வெப்பநிலை சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் ஊர்களில் பச்சையம் சிதைந்து, ஆரஞ்சு நிறம் தரும் கரோட்டினாய்டுகள் வெளிப்படுகின்றன. ஸ்பெயினிலும் கலிபோர்னியாவிலும் விளையும் பழங்களுக்கு அந்த நிறம் வருவது இதனால்தான். அனந்தபூர், நல்கொண்டா பக்கத்துச் சமவெளிகளில் விளைந்து நம் ஊருக்கு லாரியில் வரும் சாத்துக்குடிக்கு அந்தக் குளிர் எங்கே கிடைக்கும்? உள்ளே முழுதாக முற்றிச் சாறு நிறைந்திருக்கும்போதும் வெளியே பச்சையோ இளமஞ்சளோதான். நம் கீழ்ப்பழனி மலைக் கமலா ஆரஞ்சுக்கு நிறம் கொஞ்சம் கூடுதலாக வருவது மலையின் இரவுகளால். இன்னொன்றும் உண்டு. வலென்சியா என்ற ஆரஞ்சு வகை நன்றாகப் பழுத்து மஞ்சளான பிறகும் கோடை வரை மரத்தில் விட்டால் தோல் திரும்பவும் பச்சையாகிவிடும். அப்போது அது முன்னைவிட இனிப்பாகவே இருக்கும்.

குளிரின் விளையாட்டுக்கு இன்னும் அழகான சான்று சிசிலியில் இருக்கிறது. எட்னா எரிமலைச் சரிவுகளில் விளையும் ரத்த ஆரஞ்சின் சுளை கருஞ்சிவப்பாக இருக்கும். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர் என்ற ஏற்ற இறக்கம்தான் அந்தச் சிவப்பைத் தூண்டுகிறது. இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மைய ஆய்வாளர்கள் 2012இல் அதற்குக் காரணமான 'ரூபி' என்ற மரபணுவைக் கண்டறிந்து, குளிர் அதை எப்படிச் செயல்பட வைக்கிறது என்றும் காட்டினார்கள். அதே மரத்தைச் சூடான நாட்டில் நட்டால் சிவப்பு சரியாக வராது.

சரி, நிறம் இல்லாவிட்டால் விலை இல்லை என்று சந்தை சொல்கிறது. அதற்குத்தான் பழுப்பதைத் தூண்டும் எத்திலீன் வாயு நிரப்பிய அறை. பத்து லட்சத்தில் ஒன்று முதல் பத்துப் பங்கு அளவு எத்திலீன், நல்ல ஈரப்பதம், காற்றோட்டம், ஒன்று முதல் மூன்று நாள். இவ்வளவு இருந்தால் தோலின் பச்சை நீங்கிவிடும். முற்றிய பழத்துக்கு இதைச் செய்வதில் தவறு எதுவும் இல்லை. பழங்களைப் பழுக்கவைக்க எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. எனக்குக் கோபம் வருவது, முற்றாத காயை அறைக்குள் வைத்து மஞ்சளாக்கி விற்கும்போதுதான். வாங்குபவர் நிறத்துக்குப் பணம் கொடுத்து, புளித்த சாற்றோடு வீட்டுக்குப் போகிறார். கால்சியம் கார்பைடு கல்லோ எந்தப் பழத்துக்குமே கூடாது. நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சுகளும் வரக்கூடும். கல் வைப்பதைப் பார்த்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் செய்யுங்கள்.

அப்படியானால் ருசியை எப்படி அளப்பது? தோப்பில் நான் கையோடு வைத்திருப்பது ரிஃப்ராக்டோமீட்டர். இரண்டு சொட்டுச் சாறு விட்டால், கரைந்திருக்கும் சர்க்கரையை பிரிக்ஸ் என்ற அளவில் காட்டிவிடும். ஆனால் அது பாதிக் கதைதான். ஒரே 10 பிரிக்ஸ் உள்ள இரண்டு பழங்களில் ஒன்றில் அமிலம் 1 சதவீதமும் மற்றொன்றில் அரை சதவீதமும் இருந்தால், முதல் பழம் சுள்ளென்று இருக்கும், இரண்டாவது தேனாக இனிக்கும். சர்க்கரையை அமிலத்தால் வகுத்து வரும் விகிதம்தான் நாக்கு சொல்லும் தீர்ப்புக்குப் பக்கத்தில் வருகிறது. சூடான இரவுகளில் பழம் தன் சிட்ரிக் அமிலத்தை வேகமாகச் செலவழித்துவிடும். அதனால்தான் நம் பக்கத்துச் சாத்துக்குடி மிதமாக இனிக்கிறது, மத்தியதரைக் கடல் பக்கத்துப் பழத்தில் உறைப்பான புளிப்பு நிற்கிறது. ஒரே பழத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு: காம்புப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு அதிகம். வெளிக்கிளையில் வெயில் பட்ட பழம், உள்ளே நிழலில் தொங்கும் பழத்தைவிட மேல்.

தோலின் தடிமன் பற்றி விவசாயிகள் என்னிடம் நிறையக் கேட்பார்கள். இதில் அவர்கள் கையில் இருப்பது கொஞ்சநஞ்சமல்ல. தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிப் போட்டால் தோல் தடித்துச் சொரசொரப்பாகும், நிறமும் தாமதமாகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதுமான அளவில் இருந்தால் தோல் மெல்லியதாகி, சாறு கூடும். சாம்பல்சத்து (பொட்டாசியம்) பழத்தைப் பெரிதாக்கும், கூடவே தோலையும் தடிப்பாக்கும். ஒட்டுக் கட்டிய வேர்ச்செடியும் பேசும். ஜம்பேரி என்ற எலுமிச்சை வகையின் வேரில் கட்டிய மரம் வறட்சி தாங்கும், பெரிய பழம் தரும், ஆனால் சாறு சற்று நீர்த்தே இருக்கும். இளமரத்துப் பழம் தடித்த தோலோடு வருவது இயல்பு, வயதேற மெலியும். ஆனால் என் அனுபவத்தில் அதிக நஷ்டம் தருவது தண்ணீர்தான். வாரக்கணக்கில் காயவிட்டுத் திடீரென்று மடை திறந்துவிட்டால் சுளை சட்டென்று வீங்கும், தோலால் ஈடுகொடுக்க முடியாது, பழம் வெடிக்கும். புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டங்கள் உட்பட எந்த ஊரிலும் நான் முதலில் பார்ப்பது பாசன இடைவெளியைத்தான். கொஞ்சமாக, ஒரே சீராக விடுங்கள்.

தோலின் வெளிப்புறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற மணப்பொருள். எலுமிச்சையின் அந்தத் தனி வாசனை சிட்ரால் தருவது. இந்த எண்ணெய் சுரப்பிக்குள் இருக்கும்வரை பழத்துக்குக் காவல். உடைந்து வெளியே வழிந்தால் தோலையே சுட்டுப் பழுப்புத் தழும்பாக்கிவிடும். அதிகாலைப் பனியிலும் மழை விட்ட கையோடும் தோல் நீர் கோத்து விறைப்பாக இருக்கும். அப்போது விரல் அழுத்தினாலே சுரப்பி உடையும். அதனால்தான் வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள் என்கிறோம். இழுத்துப் பறிக்காமல் கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். இழுக்கும்போது காம்போடு பிய்ந்து வரும் துளி தோல், பச்சைப் பூஞ்சைக்கு வாசல். பெட்டியில் ஒரு பழத்தில் அது ஏறினால் பக்கத்துப் பழங்களுக்கும் பரவும்.

சாத்துக்குடி ஜூஸ் பிழிந்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தால் கசக்கிறதே, ஏன்? பழம் கெட்டதால் வந்த கசப்பு இல்லை அது. பழத்தின் திசுக்களில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழியும்போது அது அமிலச் சாற்றோடு கலந்து மெதுவாக லிமோனின் என்ற கசப்பாக மாறுகிறது. வெள்ளைப் பஞ்சும் விதையும் சேர்த்து அரைத்தால் கசப்பு இன்னும் வேகம். பிழிந்த உடனே குடியுங்கள். பள்ளிக்கும் ஆபீசுக்கும் பாட்டிலில் கொடுத்து அனுப்பச் சாத்துக்குடி ஜூஸ் ஏற்றதில்லை. பம்பளிமாசின் கசப்பு வேறு. நரிஞ்சின் என்ற பொருளால் அது கடித்த நொடியிலேயே தெரியும்.

வாங்கும்போது நிறத்தை விட்டுவிட்டுக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். பெரிதாக இருந்தும் லேசாக இருந்தால் உள்ளே சாறுப் பைகள் காய்ந்து சக்கையாகியிருக்கலாம்; மரத்தில் அளவு மீறி விட்ட பழங்களில் இது காம்புப் பக்கமிருந்து தொடங்கும். கமலா ஆரஞ்சில் தோல் உப்பிச் சுளையை விட்டுத் தளர்ந்திருந்தால் பழம் கடந்துபோனது. பச்சைக்காக நான் இவ்வளவு வாதாடினாலும் ஒரு பச்சையை மட்டும் ஏற்க மாட்டேன்: கோணலாக, சிறுத்து, அடிப்பக்கம் மட்டும் பச்சை நின்றுபோன பழம். மரத்தில் பசுமையாதல் நோய் இருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். சிட்ரஸ் சில்லிட் என்ற சிறு பூச்சி பரப்பும் இந்த நோய் வந்த மரத்தின் பழம் கசக்கும். தோப்பில் அப்படிக் கண்டால் தோட்டக்கலை அலுவலரிடம் உடனே காட்டுங்கள்.

இனி பிளம்ஸ். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மே, ஜூன் மாதங்களில் வண்டி வண்டியாக இறங்கும் பழம். நாம் சாப்பிடும் வகைகளில் பெரும்பாலானவை ஜப்பானிய பிளம் இனம்; அதன் பூர்விகம் சீனா. கலிபோர்னியாவில் லூதர் பர்பேங்க் என்ற பயிர் வளர்ப்பாளர் 1885இல் ஜப்பானிலிருந்து கன்றுகளை வரவழைத்துக் கலப்பு செய்த பிறகுதான் அது உலகம் சுற்றியது. பிளம்ஸின் வளர்ச்சி ஒரே ஓட்டமாக நடப்பதில்லை. முதலில் வேகமாகப் பருக்கும். பிறகு கொட்டை இறுகும்வரை அப்படியே நிற்கும். கடைசியில் மீண்டும் வேகமெடுத்துப் பெருக்கும். எடையும் சர்க்கரையும் பெரும்பாலும் இந்தக் கடைசி ஓட்டத்தில்தான் சேர்கின்றன. நல்ல விலை கிடைக்கிறதே என்று ஒரு வாரம் முன்கூட்டிப் பறிப்பவர் இரண்டையும் மரத்திலேயே விட்டுவிடுகிறார்.

ஆரஞ்சைப்போல் இல்லாமல் பிளம்ஸ் பறித்த பிறகும் கனியும். சொந்தமாக எத்திலீன் உண்டாக்கும், மென்மையாகும், மணம் கூடும், அதன் மாலிக் அமிலம் குறையும். இதைக் கேட்டதும், "அப்போ காயாகவே பறிக்கலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. பிளம்ஸிலும் மாவுச்சத்து சேமிப்பு பெரிதாக இல்லை. எனவே பறித்தபின் புளிப்பு தணியும், இனிப்பு ஏறாது. முற்றாமல் பறித்த பழம் மெத்தென்று ஆகும், ருசி மட்டும் வராது.

அந்தச் சிவப்பும் முதிர்ச்சியின் முத்திரை அல்ல. தோலில் வெயில் படும் இடத்தில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி சேர்கிறது. இலை மறைத்த இடம் வெளிறி நிற்கிறது. சில வகைகள் முற்றுவதற்கு வெகுமுன்பே முழுக்கச் சிவந்துவிடும். கெல்சி போன்ற வகை பழுத்தாலும் பச்சை கலந்த மஞ்சள்தான். சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தைப் பாருங்கள்: பச்சை மாறி மஞ்சள் தட்டியிருக்க வேண்டும். காம்புக் குழியருகே லேசாக அழுத்தினால் இளகிக் கொடுக்க வேண்டும். சதை இனிக்கும்போதும் தோல் புளித்துத் துவர்க்கிறதே என்றால், அது அப்படித்தான். அமிலமும் துவர்ப்புப் பொருட்களும் நிறமியும் தோலிலும் தோலை ஒட்டியும் அதிகம். உரித்தெறிந்தால் பிளம்ஸின் பாதிக் குணம் போய்விடும்.

மேலே படிந்திருக்கும் வெண்பூச்சைப் பார்த்து மருந்து என்று பயந்து துடைத்துவிடுகிறார்கள். அது பழமே சுரக்கும் மெழுகு. ஈரம் போகாமல் காக்கிறது. அது கலையாமல் இருந்தால் பழம் அதிகம் கைபடவில்லை என்று அர்த்தம். சாப்பிடும் முன் கழுவினால் போதும்.

பிளம்ஸ் வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைப்பது பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு. 2 முதல் 8 டிகிரி வரையான குளிர்தான் கனியாத பிளம்ஸுக்கு மிகக் கெட்டது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அந்த அளவில்தான் ஓடுகிறது. அதில் வாரக்கணக்கில் கிடந்தால் சதை பழுப்பாகி, சவசவவென்று சாறற்றுப்போகும். வியாபாரிகள் சேமித்து வைப்பதானால் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிர் வேண்டும். வீட்டில் காகிதப் பையில், அவசரம் என்றால் கூடவே ஒரு வாழைப்பழம் போட்டு, வெளியே வையுங்கள். கனிந்த பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டு முடியுங்கள். பிளம்ஸில் சார்பிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் இருப்பதால் ஒரே மூச்சில் நிறையச் சாப்பிட்டால் வயிறு இளகும். குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு போதும். கொஞ்சம் காயாகவே வந்துவிட்டதா? ஜாம் செய்யுங்கள். பெக்டினும் புளிப்பும் அதில் அதிகம் இருப்பதால் நன்றாக இறுகும்.