கார் வெளுத்துப் போவது பெயின்ட்டில் அல்ல, பிளாஸ்டிக்கில்

டீடெய்லிங்குக்கு (காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் வேலைக்கு) வரும் பல கார்களில் பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சுற்றிய கிளாடிங் எனும் பிளாஸ்டிக் உறை, வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புப் பட்டை எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். "செராமிக் கோட்டிங் போட்டிருக்கேனே, இது மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பார்கள். செராமிக் கோட்டிங் என்பது மேலே பூசி இறுகவிடும் மெல்லிய பாதுகாப்புப் படலம். பல பேக்கேஜ்களில் கோட்டிங் பெயின்ட்டுக்கு மட்டும்தான். பணம் கட்டுவதற்கு முன்பே டிரிம்மும், அதாவது இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களும், சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயின்ட்டின் மேல் வெயிலைத் தாங்க கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு இருக்கிறது. இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத பாலிபுரோப்பிலீன் வகை. அதற்கு மேல்பூச்சே கிடையாது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு நுண்ணிய அளவில் உடைந்து சொரசொரப்பாகிறது. அதில் வெளிச்சம் சிதறுவதால்தான் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது.

இதற்கு நம் ஊர் வாட்டர் வாஷ்களில் செய்யும் வைத்தியம் டீசல் அல்லது மண்ணெண்ணெய். துடைத்ததும் பளிச்சென்று இருக்கும், இரண்டு மழைக்குத் தாங்காது. அதற்குள் தூசியை இழுத்து ஒட்டவைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் கதவு பீடிங் ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பித் தளர்ந்துபோகும். இதை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன்.

சரி, பிளாஸ்டிக்கிலும் கோட்டிங் போட்டால் பழைய கறுப்பு வருமா? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வெளுத்த இடத்தை நன்றாகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். நனைந்த துணி போலக் கறுத்துத் தெரிந்தால், கோட்டிங்கும் ஏறக்குறைய அந்த நிறத்தைக் கொடுக்கும். நனைந்தும் திட்டுத் திட்டாக வெளுப்பாகவே இருந்தால் கோட்டிங் மட்டும் போதாது. சாயம் ஏற்றவோ பாகத்தையே மாற்றவோ வேண்டியிருக்கும். சாயம் போன பிறகு கோட்டிங் போட்ட பிளாஸ்டிக்கை விட, வாங்கிய புதிதிலேயே கோட்டிங் போட்ட பிளாஸ்டிக் பல மடங்கு நன்றாக இருக்கும்.

வேலையின் முக்கால்வாசி சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பாலிபுரோப்பிலீனில் எதுவும் எளிதாக ஒட்டாது. அதன்மேல் பழைய பாலிஷின் சிலிக்கோன் எண்ணெய் வேறு இருந்தால் கோட்டிங் சில வாரங்களிலேயே திட்டுத் திட்டாகக் கழன்றுவிடும். ஆல்-பர்ப்பஸ் கிளீனர் தெளித்து பிரஷால் தேய்த்தால் நுரை பழுப்பாக வரும். வெள்ளையாக வரும் வரை விடக்கூடாது. பிளாஸ்டிக்கின் வரிகளுக்குள் மெழுகு வெள்ளையாக அடைந்திருந்தால் பழைய டூத் பிரஷ்தான் கைகொடுக்கும். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இடுக்குகளில் நிற்கும் தண்ணீரை ஏர் அடித்து வெளியேற்ற வேண்டும். சைடு மிரருக்குள்ளிருந்து கடைசி நேரத்தில் வடியும் ஒரு சொட்டு போதும், கோட்டிங்கில் கோடு விழுந்துவிடும்.

பூசுவது நிழலில், பாகம் ஆறிய பிறகு. கை வைத்தால் சுடும் பம்பரில் போட்டால் பரப்புவதற்குள் இறுகிவிடும். சின்னச் சின்னப் பகுதியாகப் பூசி, தேங்கியதை மைக்ரோஃபைபர் துணியால் உடனே சமன்செய்ய வேண்டும். இறுகிய கோடு துடைத்தால் போகாது. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இதில் இருக்கும் கரைப்பான் வாசனை லேசானதல்ல.

"9எச் கடினம், கல் பட்டாலும் கீறாது" என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மெல்லிய படலம் வெயிலையும் அழுக்கையும் தடுக்கும், சுவரில் உரசினால் தடுக்காது.

போட்ட பிறகு குறைந்தது ஒரு நாள் தண்ணீர் படாமல் நிறுத்துங்கள், ஒரு வாரத்துக்கு ஷாம்பு வேண்டாம். பிறகு கடினமான போர் தண்ணீரில் கழுவினால் வெயிலில் காயவிடாமல் துடைத்துவிடுங்கள், உப்புக்கறை படியும். வாட்டர் வாஷுக்கு விடும்போது, கறுப்பு பிளாஸ்டிக்கில் டீசல் தொடக்கூடாது என்று சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.