விஷச்சாராயத்துக்கு சாராயமே மருந்தா?

"விஷச்சாராயம் குடித்து உயிருக்குப் போராடுபவருக்கு ஆஸ்பத்திரியிலும் ஆல்கஹால் கொடுப்பார்களாமே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நிஜம்தான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். பெயின்ட் தின்னர் போன்றவற்றில் பயன்படும் தொழிற்சாலை ரசாயனம். வழக்கமான மதுவில் இருப்பது எத்தனால். ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும்தான் வித்தியாசம்.

மெத்தனால் உள்ளே போனதும் கொல்வதில்லை. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி (என்சைம்) அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றும். இன்னொரு நொதி அதையும் ஃபார்மிக் அமிலமாக்கும். சில எறும்புகளின் விஷத்தில் இருக்கும் அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் இது தடுக்கிறது. ரத்தம் அமிலமாகிறது, மூச்சு வாங்குகிறது, பார்வை நரம்பு சிதைகிறது. ஆக, விஷத்தைத் தயாரிப்பதே நம் கல்லீரல்தான்!

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மீது பல மடங்கு ஈர்ப்பு அதிகம். ரத்தத்தில் இரண்டும் இருந்தால், முண்டியடித்து ஏறி பஸ்ஸில் சீட் பிடிப்பவரைப்போல எத்தனால் நொதியில் உட்கார்ந்துகொள்ளும். இடம் கிடைக்காத மெத்தனால் மாறாமலேயே ரத்தத்தில் சுற்றும். அதற்குள் டயாலிசிஸ் செய்து வெளியேற்றிவிடலாம். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அதே நொதியை அடைக்கிறது, போதை ஏற்றாமலே.

சரி, வீட்டிலேயே பிராந்தி கொடுத்தால்? கூடவே கூடாது. ரத்தத்தில் எத்தனாலின் அளவை அடிக்கடி பார்த்து, குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உருவான அமிலத்துக்கும் தனிச் சிகிச்சை தேவை. மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்து 'முறிப்பது' வெறும் நம்பிக்கை. அதில் வீணாவது நேரம். அறிகுறி தெரியவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். 'தூங்கினால் தெளிஞ்சிடும்' என்று படுக்க வைக்கும் அந்த இரவில்தான் அமிலம் சேர்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குபவர்களும் உண்டு.

மலிவு என்பதற்காக இதைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். பிழைத்தும் பார்வை போனால் மறுநாள் கூலியும் போச்சு. கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் தரப்பட்டது. அது தேவைதான். ஆனால் ஃபோமெபிசோலும் டயாலிசிஸ் வசதியும் ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும். எப்போதாவதுதான் தேவைப்படும் மருந்து என்று அதற்கான நிதியைத் தள்ளிப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.