சாலையைக் கடப்பவரின் ஐந்து நொடி

சாலையோரத்தில் நின்று இருபுறமும் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைப்பவர், அந்தக் கணத்தில் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். தூரத்தில் ஒரு கார் வருகிறது. அது இங்கே வந்து சேர்வதற்குள் நான் அந்தப் பக்கம் போய்விடுவேனா? 7 மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதற்குள் 80 மீட்டர் வந்துவிடும். 100 கி.மீ. என்றால் 160 மீட்டர். ஆகவே கணக்கு சரியாக வர, காரின் தூரமும் தெரிய வேண்டும், வேகமும் தெரிய வேண்டும். தூரம் ஓரளவு தெரிகிறது. வேகம்தான் பிடிபடுவதில்லை.

"வேகமாக ஓட்டுவது என் விருப்பம், ஏதாவது ஆனால் எனக்குத்தானே ஆகப்போகிறது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இந்தச் சாலையோர மனிதர்தான் என் நினைவுக்கு வருகிறார். தனிமனித சுதந்திரம், பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு பெரிய சொற்களைத் தராசில் ஏற்றுவதற்கு முன்னால், அவருடைய கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். இந்த வழக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் தீர்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

குறுக்கே ஓடும் பொருளின் வேகத்தைக் கண் எளிதில் பிடித்துவிடும். நம்மை நோக்கி நேராக வரும் பொருள் அப்படி இல்லை. அது இடம் வலமாக நகர்வதே கிடையாது. உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது என்ற ஒரே தடயம்தான் கண்ணுக்குக் கிடைக்கிறது. எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்தே மூளை ஆபத்தை உணர்கிறது. அந்த விரிவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால், வருகிற கார் அங்கேயே நிற்பது போலத் தோன்றும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1.8 மீட்டர் அகலமுள்ள கார் ஒன்று 30 கி.மீ. வேகத்தில் வருகிறது, நம்மை அடைய இன்னும் 5 நொடி இருக்கிறது என்றால், அது 42 மீட்டர் தள்ளி இருக்கும். அந்த இடத்தில் அதன் உருவம் நம் கண்ணில் நொடிக்கு அரை டிகிரி வீதம் விரியும். வானத்து முழுநிலவின் அகலம் அரை டிகிரி, அதை வைத்து இந்த அளவை மனத்தில் கொள்ளலாம். அதே கார் 90 கி.மீ. வேகத்தில் வந்தால்? அதே 5 நொடி மீதமிருக்கும்போது அது 125 மீட்டர் தள்ளி இருக்கும். தூரம் கூடக்கூட விரிவு, தூரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் குறைகிறது; வேகத்தால் கூடுவதோ அதே விகிதத்தில் மட்டுமே. கூட்டிக் கழித்தால் கிடைப்பது நொடிக்கு ஆறில் ஒரு டிகிரி. மூன்று மடங்கு வேகமாக வரும் கார், சாலையோரத்தில் நிற்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு எச்சரிக்கைதான் தருகிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. வேகம் கூடினால் எச்சரிக்கையும் கூடும் என்றுதானே நாம் நினைத்திருப்போம்.

பெரியவர்கள் இதை அனுபவத்தால் ஓரளவு சமாளிக்கிறார்கள். பெரும்பாலும் தூரத்தை மட்டும் பார்த்து, "அவ்வளவு தூரம் இருந்தால் போதும்" என்று ஒரு பழக்கத்தில் கடந்துவிடுகிறோம். எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வரும்வரை இந்தப் பழக்கம் நம்மைக் காக்கும். ஒரே ஒருவர் இரண்டு மடங்கு வேகத்தில் வந்தால், அது அந்த இடத்திலேயே பொய்த்துப்போகும். குழந்தைகளின் நிலை இன்னும் கடினம். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளின் பார்வைத் திறனை இப்படி அளந்து பார்த்தது. 5 நொடி தொலைவில், மணிக்கு சுமார் 20 மைலுக்கு, அதாவது 32 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வரும் காரின் நெருக்கத்தை அவர்களால் நம்பகமாக உணர முடியவில்லை. அது கவனக்குறைவால் வரும் பிழை அன்று. அந்த வயதில் பார்வைப் புலன் இன்னும் முழுதாக முதிரவில்லை. இருசக்கர வண்டிகள் குறுகலானவை என்பதால், அவற்றின் விரிவைக் கண்டுகொள்வது பெரியவர்களுக்கே சிரமம்.

சரி, வண்டிக்குள் இருப்பவருக்காவது நிலைமை தெரியுமா? அவருடைய கண்ணும் அவரை ஏமாற்றுகிறது. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டினால் மூளை அதற்குப் பழகிவிடும். நெடுஞ்சாலையில் 100இல் வந்தவர் ஊருக்குள் நுழைந்து, தாம் 50க்கு இறங்கிவிட்டதாக உணரும்போது ஸ்பீடோமீட்டர் அதைவிட அதிகமாகத்தான் காட்டும். சத்தமே கேட்காத நவீன கார்களில் இந்த மயக்கம் இன்னும் கூடுகிறது.

ஓட்டுநரின் திறமையைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் சுதந்திரத்தின் பெயரால் வாதாடுவோர் பெரிதும் நம்புவது அதைத்தான். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, இன்னதென்று புரிந்து, கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர்கள் ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு 7 மீட்டர் அளவு குறைக்கும். 60 கி.மீ. வேகத்தில் போகிறவர் யோசிக்கும் நேரத்தில் 25 மீட்டர், பிரேக் பிடித்து இன்னொரு 20 மீட்டர், ஆக 45 மீட்டரில் நிற்பார். அவருக்குப் பக்கத்திலேயே 80இல் போகிறவரும் அதே கணத்தில் அதே ஆபத்தைப் பார்க்கிறார். அவர் காலைப் பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். மீதம் இருப்பது 12 மீட்டர்கூட இல்லை. முதல் கார் அலுங்காமல் நின்ற அதே கோட்டை, இரண்டாவது கார் ஏறத்தாழ 66 கி.மீ. வேகத்தில் தாண்டும். முதல் கார் பிரேக் பிடிப்பதற்கு முன்பு ஓடிய வேகத்தைவிட அது அதிகம்! இருபது கி.மீ. வித்தியாசம்தானே என்று நினைத்தது இப்படி வளர்ந்து நிற்பதற்குக் காரணம், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதுதான். எவ்வளவு கைதேர்ந்த ஓட்டுநரானாலும் டயருக்கும் தாருக்கும் இடையிலான உராய்வைக் கூட்ட அவரால் முடியாது. ஈரச் சாலையில் அதுவும் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது "எனக்குத்தானே ஆபத்து" என்ற பேச்சு. 1200 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர்மேல் மோதுகிறது. உந்தம் மாறாது என்ற விதிப்படி கணக்கிட்டால், காரின் வேகம் 3 கி.மீ. அளவுக்குத்தான் குறையும். நின்றிருந்தவரின் உடலோ கண்ணிமைக்கும் நேரத்தில் 57 கி.மீ. வேகத்துக்குத் தூக்கி எறியப்படும். உள்ளே சீட் பெல்ட் போட்டு, முன்னால் ஏர்பேக்குடன் அமர்ந்திருப்பவருக்கு அது ஒரு குலுக்கல். இரண்டு வண்டிகள் மோதினாலும் இதே கதைதான். 2000 கிலோ காரும் 1000 கிலோ காரும் ஆளுக்கு 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கனமான காரில் இருப்பவர் அனுபவிக்கும் வேக மாற்றம் 40 கி.மீ., லேசான காரில் இருப்பவருக்கு 80. வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அடியை வாங்குகிறவர் இன்னொருவர்.

தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்வியில் சுதந்திரத்தின் பக்கம் நின்று பேச இடமிருக்கிறது என்றே நினைக்கிறேன். அங்கே உடைவது பெரும்பாலும் முடிவெடுத்தவரின் தலை. வேகத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. சாலையோரம் நிற்பவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்க நினைத்தாலும், எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அவருடைய கண்ணால் அளக்க முடியாது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

இவை ஒரு மோதலின் கணக்குகள். நாடு முழுவதும் என்ன ஆகும்? வேக வரம்புகளை மாற்றியபோதெல்லாம் விபத்துகள் எப்படி மாறின என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் யோரான் நில்சன் தொகுத்து ஒரு விதியை முன்வைத்தார். சராசரி வேகம் மாறினால், உயிரைப் பறிக்கும் விபத்துகள் ஏறத்தாழ அதன் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும் என்பது அந்த விதி. வேகம் 10 சதவீதம் கூடினால் அத்தகைய விபத்துகள் 46 சதவீதம் கூடும். விபத்து நேரும் வாய்ப்பும் ஏறுகிறது, நேர்ந்ததன் கொடுமையும் ஏறுகிறது, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெட்ரோலைச் சேமிப்பதற்காக 1974இல் நாடெங்கும் வேக வரம்பு மணிக்கு 55 மைலாக, அதாவது 89 கி.மீ.யாகக் குறைக்கப்பட்டது. 1973இல் சுமார் 54,000 ஆக இருந்த சாலைச் சாவுகள் 1974இல் சுமார் 45,000 ஆகக் குறைந்தன. மக்கள் அந்த ஆண்டு குறைவாகப் பயணம் செய்ததும் ஒரு காரணம், முழுப் பெருமையையும் வேக வரம்புக்குக் கொடுத்துவிடக் கூடாது. 1995இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

ஜெர்மனியின் ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலைகளை எதிர்வாதமாக எடுத்து வைப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அவற்றின் பெரும்பகுதியில் கட்டாய வேக வரம்பு இல்லை, 130 கி.மீ. என்பது பரிந்துரை மட்டுமே. ஆனால் அங்கே பாதசாரி இல்லை, சைக்கிள் இல்லை, சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை. எதிர்த்திசை வண்டிகள் தடுப்புக்கு அப்பால் ஓடுகின்றன. 60 கி.மீ.க்கு மேல் போகமுடியாத வண்டிக்கு உள்ளே நுழையவே அனுமதி இல்லை. வரப்போகும் வேகம் இன்னதென்று அறிந்தவர்கள் மட்டுமே இருக்கும் இடமாக அதைக் கட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் 1992இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், 130ஐத் தாண்டி ஓட்டி விபத்தில் சிக்குபவர், தம்மேல் வேறு தவறு இல்லாவிட்டாலும் இழப்பில் ஒரு பங்கைச் சுமக்க நேரிடலாம் என்று தீர்ப்பளித்தது. மூன்றாம் தடத்தில் 200இல் வருகிறவரைக் கண்ணாடியில் பார்த்துத் தடம் மாறுபவருக்கும், சாலையோரம் நிற்பவருக்கு நேரும் அதே மயக்கம்தான் நேர்கிறது.

நள்ளிரவு, ஆளில்லாத நேர்சாலை என்றால்? இந்தக் கேள்வி என்னையும் சற்று நேரம் யோசிக்க வைத்தது. உண்மையிலேயே யாரும் இல்லையென்றால் யாருக்குக் கேடு? ஆனால் டிம்மில் வைத்த முகப்பு விளக்கு, இருண்ட உடை உடுத்தியவரை 50, 60 மீட்டருக்கு அப்பால் காட்டுவதே அரிது. 100 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கு முன்சொன்ன கணக்குப்படி 97 மீட்டர் வேண்டும். சாலை காலியாக இருக்கிறது என்று ஓட்டுநர் நம்புகிறார், அவ்வளவே. அதைப் பார்த்து உறுதி செய்யும் தூரத்தை அவருடைய வேகம் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் கிடைக்கும் லாபத்தைப் பாருங்கள். 10 கி.மீ. தூரத்தை 60இல் போனால் 10 நிமிடம், 80இல் போனால் ஏழரை நிமிடம். 100இலிருந்து 120க்கு ஏறினால் மிஞ்சுவது ஒரே நிமிடம்.

அரசு தன் விருப்பத்துக்கு ஏதோ ஓர் எண்ணைப் பலகையில் எழுதி நட்டுவிட்டு, மீறியவரிடம் அபராதம் வாங்குவதையும் நான் ஏற்கவில்லை. எண்ணுக்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் சாலையின் அமைப்பில் தெரிய வேண்டும். ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற 'விஷன் ஜீரோ' கொள்கை, அதாவது சாலையில் ஒரு சாவும் நேரக்கூடாது என்ற இலக்கு, மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறது. அந்த வழியில் சிந்திப்பவர்கள், ஆட்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் 30, பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்புகளில் 50, தடுப்பு இல்லாமல் எதிரெதிரே ஓடும் சாலைகளில் 70 என்று வரம்பு வகுக்கிறார்கள். தடுப்பு கட்டி, நடப்பவர்களைத் தனியே பிரித்துவிட்டால் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் எல்லாவற்றிலும், வரம்பைத் தாண்டினால் ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவி கட்டாயம். அதை மீறி மிதிக்கவும் அணைத்து வைக்கவும் ஓட்டுநருக்கு வழி விட்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் அவர் கையில்தான்.

மீண்டும் சாலையோரத்துக்கு வருவோம். அதே 7 மீட்டர், அதே 6 நொடி. வருகிற கார் 30இல் ஓடினால் அந்த நேரத்தில் அது கடக்கும் தூரம் 50 மீட்டர். ஓட்டுநர் அவரைக் கண்டு, யோசித்து, பிரேக் பிடித்து, முழுதாக நிற்க 17 அல்லது 18 மீட்டர் போதும். கடப்பவரின் கணக்கு பிழையாகிப்போனாலும், அவர் கையைப் பிடித்து நடக்கும் குழந்தைக்குக் கணக்கே தெரியாவிட்டாலும், இருவரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.